சாப்பாட்டு மேஜை விளக்கு

பிப்ரவரி 4

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா என்று கேட்டால் "எனக்கென்ன கேடு" என்று எழுதுவீர்கள். அதனால் கேட்கவில்லை. காது மிஷினை மாட்டிக்கொள்கிறீர்களா, டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டீர்களா என்று மட்டும் கேட்கிறேன். போனில் கேட்கலாமென்றால் "லைன் கரகரங்குது" என்று டக்கென்று வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் நாலு தடவை படிக்கலாம் என்பது உங்கள் கட்சி. சரி, படியுங்கள்.

வேலை ஒருவழியாகப் பழகிவிட்டது. கடையை வெளியிலிருந்து பார்த்தால் பழைய இரும்புக் கடை என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே நுழைந்தால் கூரை தெரியாது, அவ்வளவு விளக்குகள். எல்லாம் செம்பு. நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் செய்தவை. கவிழ்த்த கிண்ணம் மாதிரி சில, விசிறி மாதிரி சுவரில் பதிப்பவை சில, உடம்பெல்லாம் பொத்தல் போட்டு வெளிச்சம் சிந்துகிற மாதிரி சில. இடிக்கப்போகிற ஓட்டல், மூடின தியேட்டர், கப்பல் கம்பெனி ஆபீஸ் என்று முதலாளியம்மா எங்கெங்கோ போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறார். தூசி தட்டி மெழுகு பூசி வைப்பது என் வேலை.

முதல் நாள் கூத்தைச் சொல்லவில்லையே. ஆர்வக்கோளாறில் எலுமிச்சம்பழமும் உப்புமாக உட்கார்ந்து ஒரு விளக்கைத் தேய்க்கப் போனேன். முதலாளியம்மா ஓட்டமாக ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி, அந்தக் களிம்புக்குத்தானேடி ஆளு தேடி வர்றான்! அதைத் தேச்சு எடுத்துட்டா இது வெறும் சட்டி!" என்றார். அப்புறம் உட்காரவைத்துப் பாடம். செம்பு முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும், ஈரம் பட்ட இடத்தில் பச்சை பூக்கும். தினமும் கை படுகிற இடத்தில் மட்டும் எந்த நிறமும் தங்காதாம். சிவப்பாகவே இருக்குமாம்.

அதைக் கேட்டதும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை விளக்குதான் ஞாபகம் வந்தது. உங்கள் மகன் இடிக்கப்போகிற ஒரு ஓட்டலுக்கு ஒயர் கழற்றப் போய், கூலியோடு மூன்று விளக்கையும் தோளில் சுமந்துகொண்டு வந்தாரே. மற்ற இரண்டும் சுவரில். இது மட்டும் கப்பியில் தொங்கும், சாப்பிட உட்காரும்போது விளிம்பைப் பிடித்து இழுத்து இறக்குவோம். அந்த விளிம்பில் ஒரு சிவப்புத் திட்டு உண்டு. இப்போதும் இருக்கிறதா? அவர் கையும் உங்கள் கையும் என் கையும் பட்ட இடம். அவர் போய் மூன்று வருஷமாகிறது, திட்டு இருக்குமோ இருக்காதோ என்று ஒரு நாள் பூராவும் மண்டையைக் குடைந்தது.

இன்னொரு விஷயமும் எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

உங்கள் மருமகள்

&nbsp;

பிப்ரவரி 11

டமாரத்துக்கு,

கடிதம் வந்தது. எழுத்திலேயே சத்தம் போடுகிறாய். அச்சு மிஷின் பக்கத்தில் ஆயுசு முழுக்க நின்றவனுக்கு எவன் பேசினாலும் வாய் அசைவதுதான் தெரிந்தது. நீ இந்த வீட்டுக்கு வந்து அடுப்படியிலிருந்து ஒரு கத்து கத்தினாய் பார், அன்றைக்கு வைத்த பெயர் இது. மாற்றுவதாக இல்லை.

மிஷின் பிரமாதமாக வேலை செய்கிறது. பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று கேட்டால்கூடச் சொல்வேன். ஆகவே "மாமாவைத் தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டேன்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காராதே. போ போ என்று உன்னைத் துரத்தியது நான்தான். அந்த வேலை உனக்கு நல்ல வேலை. பிடித்துக்கொள்.

விளக்கைப் பார்க்கச் சொன்னாய். ஸ்டூல் போட்டு ஏறினேன். திட்டாதே, இறங்கியும் விட்டேன். உச்சி கடுங்காப்பி நிறத்தில் இருக்கிறது. விளிம்பு மடிப்பில் பச்சை. ஜன்னல் பக்கம் பச்சை ஜாஸ்தி, சாரல் அடிக்கும் பக்கம் அல்லவா. உன் சிவப்புத் திட்டு இருக்கிறது, ஆனால் மங்கிவிட்டது. இழுத்து இறக்க ஆள் வேண்டாமா? ஒரு ஆள் சாப்பாட்டுக்கு மேஜை எதற்கு என்று நான் அடுப்படியிலேயே நின்றபடி முடித்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு டீச்சர் பவுடரும் துணியுமாக வந்து நின்றார், தேய்த்துத் தருகிறேன் என்று. கொல்லை வாசலோடு திருப்பி அனுப்பினேன். உன் முதலாளியம்மா கேட்டால் சந்தோஷப்படுவாள்.

மற்றபடி சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு பகல் முழுக்க அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல பொழுதுபோக்கு.

என்னவோ எழுத வந்து மென்று முழுங்கியிருக்கிறாயே. உனக்கு அதெல்லாம் வராது. சொல்லிவிடு.

மாமா

&nbsp;

பிப்ரவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். சுற்றி வளைக்கவில்லை. ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் கடை வேன்காரர். விற்ற விளக்கைக் கொண்டுபோய் வாங்கியவர் வீட்டில் மாட்டிக் கொடுப்பதும் அவர்தான். சில நாள் நானும் கூடப் போவேன், மெழுகில் கைரேகை விழுந்தால் துடைக்க. மனிதர் வாயே திறக்கமாட்டார். போகும்போது "ம்", வரும்போது "ம்". நான்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவேன், ரேடியோ மாதிரி. போன மாதம் ஒரு வீட்டில் ஏணி உச்சியில் நின்று ஒயரை முறுக்கிக்கொண்டே, "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். திருப்புளி கேட்கிறார் என்று நீட்டினேன். "அது இல்ல. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். விட்டுவிட்டு ஓடவா முடியும்?

எனக்குப் பிடித்திருக்கிறது மாமா. மறைக்கவில்லை. என் அறைக்குக் கீழே ஒரு கடை. சாயங்காலம் ஷட்டர் இறங்கிவிட்டால் அப்புறம் எனக்கென்று ஒரு சத்தம் கிடையாது. குழாயோடு பேசுகிறேன், அடுப்போடு பேசுகிறேன். ஒரு நாள் நாற்காலியில் இடித்துக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு அழுகை வந்துவிட்டது.

ஆனால் உங்களிடம் என்னவென்று வந்து நிற்பது? அம்மா அப்பா இல்லாதவள் நான். உங்கள் மகனைக் கட்டிக்கொண்டேன், கூடவே நீங்கள் கிடைத்தீர்கள். அவர் போன பிறகும் நீங்கள் இருந்தீர்கள். இப்போது வேறொருவரைக் கட்டிக்கொண்டால் நீங்கள் எனக்கு யார்? நான் உங்களுக்கு யார்? இதுதான் என் கவலை, கல்யாணம்கூட இல்லை.

சம்மதம் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுத வேண்டும். பதிவு அலுவலகத்தில் என் பக்கத்துக்கு ஒரு ஆள் கையெழுத்துப் போட வேண்டும், அது நீங்களாக இருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள். உங்களிடம் திட்டு வாங்கி எனக்கு நல்ல பழக்கம். ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
டமாரம்

&nbsp;

மார்ச் 1

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். நல்லபடியாக இரு.

மேஜை விளக்கை ஆள் வைத்துக் கழற்றி, வைக்கோல் திணித்துப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். களிம்பைத் தொடவில்லை. அவன் அதை உனக்காகத்தான் சுமந்து வந்தான், உன்னிடம் இருப்பதுதான் முறை.

கையெழுத்துக்கு நான் வரத் தோதுப்படாது. முதலாளியம்மாவைப் போடச் சொல். நீ இனிமேல் புது மனிதர்களோடு இருக்கப்போகிறவள். பழைய வீட்டுக்கு வந்துபோக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. கடிதமும் அப்படித்தான்.

மாமா

&nbsp;

மார்ச் 11

மாமாவுக்கு,

விளக்கு வந்து சேர்ந்தது. நசுங்கவில்லை. அதற்கு நன்றி.

உங்கள் கடிதத்தை எத்தனையோ தடவை படித்தேன். "மருமகளுக்கு" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். டமாரம் எங்கே போயிற்று? என்னை மருமகள் என்று கூப்பிட ஆரம்பித்த அன்றைக்கே நான் மருமகள் இல்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. எழுத்தில் ஒன்று வரும், நேரில் பார்த்தால் வேறொன்று வரும், கிழவனாருக்குக் கோபம் நிற்காது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நேற்று அங்கே வந்தேன். ஆமாம், வந்தேன். அவரும் வந்தார். வேனில்தான் வந்தோம்.

பெல் அடித்தேன். பெல் அடிக்கும் சத்தம் வாசலில் நிற்கிற எனக்கே கேட்டது. ஜன்னல் திரை விலகித்தான் இருந்தது, நீங்கள் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு இருந்தீர்கள். மறுபடி அடித்தேன். நீங்கள் தலையைத் தூக்கினீர்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. கதவைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. மோட்டுவளையை அண்ணாந்து பார்த்தீர்கள், "வந்துட்டாளா இவ" என்கிற மாதிரி. பார்த்துவிட்டுப் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினீர்கள்.

"இன்னொரு தடவை அடிங்களேன்" என்றார் இவர். வாயே திறக்காத மனிதர் எனக்காகத் திறந்தார். அடித்தேன். அப்புறம் அடிக்கவில்லை. கத்தியிருக்கலாம். தெருவே திரும்பிப் பார்க்கிற குரல் எனக்கு. ஆனால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்கிற காதுக்கு என் பெல் கேட்கவில்லை என்றால், நான் கத்தி என்ன? அவர் எதிரில் எனக்கு அவமானமாக இருந்தது. அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

எப்படி மாமா மனசு வந்தது? பிடிக்கவில்லை என்று எழுதுங்கள் என்று கெஞ்சிக் கேட்டிருந்தேனே. எழுதியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கண்ணெதிரில் உட்கார்ந்துகொண்டு கதவைத் திறக்காமல் இருந்தீர்கள் பாருங்கள், அதை எங்கே போய்ச் சொல்லி அழுவேன்?

விளக்கை எனக்கு வேண்டாமென்று கடையில் கொடுத்துவிட்டேன். திட்டு முழுக்கப் பழுப்பாகிவிட்டது.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

&nbsp;

மார்ச் 12

மாமா,

நேற்று தபாலில் போட்ட கடிதத்தைப் படிக்காதீர்கள். படித்திருந்தால் கிழித்து அடுப்பில் போடுங்கள். தபால் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போயிற்று, அதற்கு மேல் போகவில்லை.

இன்று காலையில் விளக்கை அலமாரியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒயரைப் பார்த்துவிடச் சொன்னார் முதலாளியம்மா. இவர்தான் பிரித்தார். கூரையோடு ஒட்டி நிற்குமே ஒரு செம்புக் கிண்ணம், கொக்கியை மறைக்க, அதற்குள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதிலிருந்து மெல்லிசாக இரண்டு ஒயர், பாதியில் வெட்டி. இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க மாமாவுக்குக் காது கேக்குமா?" என்றார். மிஷின் வைத்திருக்கிறார், நன்றாகக் கேட்கும் என்றேன்.

"இது பெல்லுக்குப் போற ஒயரு. வாசல்ல பெல்லை அமுக்குனா இந்த விளக்கு மினுக்கு மினுக்குன்னு மின்னும். காது சுத்தமாக் கேக்காதவங்க வீட்டுல வைக்கிறது. நானே ரெண்டு வீட்டுல மாட்டியிருக்கேன்" என்றார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

நான் அங்கே இருந்தவரைக்கும் அந்தப் பெட்டி கிடையாது. கதவைத் திறக்க நான் இருந்தேன். நான் போன பிறகு மாட்டியிருக்கிறீர்கள். பகல் முழுக்க விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பொழுதுபோக்கு என்று எழுதினீர்களே. நான் சிரித்தேன் மாமா அதைப் படித்து. மிஷின், குக்கர், விசில்! ஏன் இப்படிப் புளுகினீர்கள்? கேட்டிருந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன் என்றுதானே?

அப்படியென்றால் நேற்று முன்தினம் நீங்கள் அண்ணாந்து பார்த்தது என்னைச் சலித்துக்கொண்டு இல்லை. விளக்கு இருந்த இடத்தைப் பார்த்தீர்கள். வெறும் கொக்கியைப் பார்த்துவிட்டு, யாரும் வரவில்லை என்று பேப்பரைத் திருப்பினீர்கள். நான் ஒரு ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடியைத் தட்டவில்லை, கையை ஆட்டவில்லை, ரோஷமாகத் திரும்பி வந்துவிட்டேன். என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அது இல்லாமல் யார் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்தும் அதை ஏன் கழற்றினீர்கள்? என்னிடம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் சுவரில் இருப்பதில் ஒன்றைக் கொடுத்திருக்கலாமே? நாளைக்கே விளக்கைத் திருப்பி அனுப்புகிறேன். இவரே வந்து மாட்டித் தருகிறேன் என்கிறார். எப்போது வரலாம்? உடனே எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

டமாரம்

&nbsp;

மார்ச் 17

டமாரத்துக்கு,

இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. படிக்காதே என்று எழுதியிருந்ததால் முதலில் அதைத்தான் படித்தேன். வேறு யாராவதாக இருந்தாலும் அப்படித்தான் செய்வான்.

படித்துவிட்டு அழுதேன். சத்தமாக அழுதேனா மெதுவாக அழுதேனா என்று தெரியாது, எனக்குத்தான் கேட்காதே. டீச்சர் வேலிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்ததை வைத்துச் சத்தமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மிஷின் டிராயரில் இருக்கிறது. போட்டால் கீச் கீச் என்று ஒரு கீச்சல், அதைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. டாக்டர் சீட்டில் எழுதிக் காட்டிவிட்டார், இனி எதுவும் பிரயோஜனமில்லை என்று. சொன்னால் நீ வேலையை உதறிவிட்டு ஓடி வருவாய். வந்து எனக்குக் கதவு திறக்கிறவளாக இந்த வீட்டிலேயே கிடந்து நரைப்பாய். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் என் மகனோடு வேலை பார்த்த பையனைக் கூப்பிட்டு அந்த ஒயர் வேலையைச் செய்துகொண்டேன். பையன் கெட்டிக்காரன். நீ பெல் அடித்தால் இரண்டு தடவை மின்னும்படி வைக்க முடியுமா என்று கேட்டேன். ஆள் பார்த்து மின்னாது தாத்தா என்று எழுதிக் காட்டினான்.

ஏன் கழற்றினேன் என்று கேட்கிறாய். அந்த விளக்கில் ஒயர் மாட்டி மாசம் ஆறு ஆயிற்று. பால் பாக்கெட் வாசலில் விழுந்துவிடும், தபால் இடுக்கு வழியாக வந்துவிடும். டீச்சர் கொல்லை வழியாக நேரே உள்ளே வந்துவிடுவார். பெல் அடிப்பது யார் என்கிறாய்? லீவு கிடைத்தால் நீ அடிப்பாய். நீ வருகிற அன்றைக்கு அது மின்னும், நான் காது கேட்டவன் மாதிரி மிடுக்காகப் போய்த் திறப்பேன். உன் வாய் அசைவை வைத்தே பதிலும் சொல்வேன். நீயும் நம்பினாய். கல்யாணம் என்று நீ எழுதினதும் இனிமேல் இவள் வரமாட்டாள், வருவது முறையும் இல்லை, அப்புறம் இந்தப் பெல்லை யார் வந்து அமுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்துத்தான் கழற்றச் சொன்னேன். கோபத்தில் இல்லை அம்மாடி. வேலை இல்லாத ஒயரை எதற்கு வைத்துக்கொள்வது என்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நீ வந்து நிற்பாய் என்று கண்டேனா.

சம்மதம். கேட்ட வார்த்தையை எழுதிவிட்டேன். பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், கண்ணில் படாமல் போகாது.

நான் உனக்கு யார் என்று கேட்டாய். இந்தக் கையால் எத்தனை கல்யாணப் பத்திரிகை அடித்திருக்கிறேன். தாய்மாமன், பெரியப்பா, ஒன்றுவிட்ட அத்தை என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு, உனக்கும் எனக்கும் உள்ளதற்கு ஒரு வரி நான் கண்டதில்லை. மாமா என்றே கூப்பிடு. யாராவது எந்த வழியில் மாமா என்று கேட்டால், அந்த டமாரக் குரலில் ஒரு அதட்டல் போடு. கையெழுத்துக்கு வருகிறேன். அங்கே கேட்கிற கேள்விக்கு நான் தப்பும் தவறுமாகப் பதில் சொல்லி உனக்குத் தலைகுனிவு வரும் என்று பயந்துதான் தோதுப்படாது என்று எழுதினேன். கேள்வியை நீ எழுதிக் காட்டு.

உன் வேன்காரர் பேசமாட்டார், எனக்குக் கேட்காது. எங்களுக்குள் சண்டை வர வழியில்லை. பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை மட்டும் திரும்பப் படித்தேன்.

விளக்கைத் திருப்பி அனுப்பாதே. கடையிலிருந்து மீட்டு உன் வீட்டு மேஜைக்கு மேலே தொங்கவிடு. சாப்பிட உட்காரும்போது இரண்டு பேரும் இழுத்து இறக்குங்கள். எனக்கு அந்த ஒயர் ஏற்பாடு வேண்டாம், நான் வேறு வழி பண்ணிவிட்டேன். சாய்வு நாற்காலியைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து பகலில் தாழ் போடுவதில்லை. எப்போது வரலாம் என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்காதே. தள்ளினால் திறக்கும். நேற்று மத்தியானம் காற்றுக்குத் தானாகவே திறந்தது. நீதான் என்று எழுந்து நின்றுவிட்டேன்.

மாமா